திருச்சிக்குப் போனால் 60,000 போதுமா?

கேள்வி: எனக்கு 36 வயது. சென்னையில் தனியார் நிறுவனம் ஒன்றில் வேலை. பிடித்தம் போக 71,000 ரூபாய் கைக்கு வருகிறது. மனைவி லேப் டெக்னீஷியன், அவருக்கு 18,000. மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். மூன்று வயது மகனை டே-கேரில் விடுகிறோம், அதற்கு மாதம் 6,000. மடிப்பாக்கத்தில் வீட்டு வாடகை 20,000. பர்சனல் லோனுக்கு 8,400 கட்டுகிறேன், இன்னும் 14 தவணை இருக்கிறது. லால்குடி பக்கம் சொந்த வீட்டில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு 5,000 அனுப்புகிறேன். மாதக் கடைசியில் கையில் எதுவும் நிற்பதில்லை. இப்போது திருச்சி நவல்பட்டு ஐ.டி. பூங்காவில் ஒரு வேலை வந்திருக்கிறது. ஆண்டுக்கு 7.2 லட்சம், அதாவது மாதம் 60,000. சம்பளம் குறைவுதான், ஆனால் திருச்சியில் செலவு பாதிதான் ஆகும் என்கிறார்கள் நண்பர்கள். மனைவி வேலையை விட வேண்டியிருக்கும். இந்த மாதிரி ஊரில் நான்கு பேர் குடும்பம் நடத்த மாதம் எவ்வளவு வருமானம் வேண்டும்?
– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், சென்னை

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

அந்த 60,000-ஐ முதலில் சரிபார்த்துவிடுவோம். 7.2 லட்சத்தை 12-ஆல் வகுத்தால் 60,000 வரும், உண்மைதான். ஆனால் அது சி.டி.சி. கணக்கு, அதாவது உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு; உங்கள் வங்கிக் கணக்குக்கு அவ்வளவு வராது. அடிப்படைச் சம்பளம் அதில் பாதி, அதாவது 30,000 என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் தன் பங்காகக் கட்டும் பி.எஃப். 12 சதவீதம், 3,600 ரூபாய். உங்கள் பங்காகவும் இன்னொரு 3,600 பிடிப்பார்கள். கிராஜுவிட்டி என்று 1,440 சொச்சம் அந்தத் தொகைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். குழுக் காப்பீட்டுக்கு ஒரு ஐந்நூறு, தொழில் வரிக்கு மாதம் இருநூறு போகும். வருமான வரி பற்றிக் கவலை வேண்டாம். புதிய வரி முறையில் 2025-26 முதல் சம்பளக்காரர்களுக்கு 12.75 லட்சம் வரை வரி இல்லை. எல்லாம் போக உங்கள் கைக்கு வருவது 50,600 அளவில் இருக்கும். பி.எஃப்.-ஐ அடிப்படைச் சம்பளத்தில் 15,000 ரூபாய்க்கு மட்டும் கணக்கிட்டுப் பிடிக்கும் நிறுவனம் என்றால் 54,000-ஐத் தொடலாம். அந்த 7.2 லட்சத்தில் பத்து சதவீதம் 'வேரியபிள் பே' (வேலைத்திறனைப் பொறுத்துத் தரும், மாதாமாதம் வராத தொகை) என்று ஒளிந்திருந்தாலோ, மாதச் சம்பளம் 45,000-ஐ ஒட்டி இறங்கிவிடும். ஆஃபர் கடிதத்தின் பின்னிணைப்பில் சம்பளப் பிரிவு அட்டவணை இருக்கும். அதைப் பார்க்காமல் எந்த முடிவும் எடுக்காதீர்கள். இந்தப் பதிலுக்காக நான் 52,000 என்று வைத்துக்கொள்கிறேன்.

அடுத்து, "செலவு பாதிதான்" என்பது. திருச்சிக்கு வந்தால் உங்களுக்கு எது குறையும்? வாடகை கட்டாயம் குறையும். தில்லை நகரை விட்டுவிடுங்கள், அங்கே நல்ல வீட்டுக்குச் சென்னைப் புறநகர் வாடகைதான் கேட்பார்கள். கே.கே.நகர், கருமண்டபம், காட்டூர், திருவெறும்பூர் பக்கங்களில் இரண்டு படுக்கையறை வீடு 9,000-த்திலிருந்து 14,000 வரை கிடைப்பதாக என்னிடம் ஆலோசனைக்கு வருபவர்கள் சொல்கிறார்கள். நாம் 12,000 போட்டுக்கொள்வோம். மாதம் 8,000 மிச்சம். மனைவி வீட்டில் இருந்தால் டே-கேர் 6,000 மிச்சம். அலுவலகம் போய்வரும் செலவிலும் வார இறுதிச் செலவிலுமாக 2,500 குறையும். பண்டிகைக்கும் விசேஷத்துக்கும் நான்கு பேராக ஊருக்குப் போய்வரும் செலவு ஆண்டுக்கு முப்பதாயிரத்துக்குக் குறையாது என்றால், அதிலும் மாதம் 2,500. ஆக 19,000.

அவ்வளவுதான். மளிகை அதே விலை. கேஸ் அதே விலை. பெட்ரோல், செல்போன் ரீசார்ஜ், மருந்து, காப்பீட்டு பிரீமியம், லோன் தவணை எதற்கும் ஊர் வித்தியாசம் தெரியாது. பள்ளிக் கட்டணத்தில் நினைத்த அளவு குறைவு இருக்காது. காய்கறியில் கொஞ்சம் உண்டு. தென்னூர் உழவர் சந்தைக்குக் காலையில் போகிற பழக்கம் வந்தால் மாதம் ஐந்நூறு அறுநூறு நிற்கும். ஹோட்டல் தோசை விலை எப்போதோ சென்னையை எட்டிப் பிடித்துவிட்டது.

கரண்ட் பில் சென்னையைவிடக் கூடவே வரலாம். திருச்சி வெயில் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மே மாதம் இரவிலும் சுவர் சுடும். நம் மின் கட்டணத்தில் 500 யூனிட் ஒரு எல்லைக்கோடு. இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டோடு நின்றால், 2025 கட்டணப்படி 1,805 ரூபாய். 510 ஆகிவிட்டால் குறைந்த விலைப் படி ஒன்று பறிபோய் 2,124 வரும். பத்து யூனிட்டுக்கு 319 ரூபாய்! ஏ.சி. வைத்திருக்கும் வீட்டில் கோடையில் இந்தக் கோட்டைத் தாண்டாமல் இருப்பது கஷ்டம்.

இப்போது வரவுப் பக்கம். உங்கள் சம்பளம் 71,000-லிருந்து 52,000 ஆகிறது. 19,000 குறைவு. ஊர் மாறுவதால் மிச்சமாவதும் 19,000 என்று மேலே பார்த்தோம். ஒன்றுக்கு ஒன்று நேராகிவிட்டது. நீங்கள் கடிதத்தில் ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோன விஷயத்தில்தான் உண்மையான பள்ளம் இருக்கிறது: மனைவியின் 18,000. உங்கள் சம்பளத்தில் விழும் துண்டைத் திருச்சி ஈடுகட்டிவிடும். அவர் சம்பளத்தை எந்த ஊரும் ஈடுகட்டாது. இத்தனைக்கும் இப்போது 89,000 வந்துமே உங்கள் கையில் எதுவும் நிற்பதில்லை.

உங்கள் நேரடிக் கேள்விக்கு வருகிறேன். உங்கள் குடும்ப அளவுக்கு, திருச்சியில், ஆடம்பரம் இல்லாமல் ஆனால் நெருக்கடியும் இல்லாமல் ஒரு மாதம் ஓட்டுவதற்கு நான் போடும் கணக்கு இது. வாடகையும் மெயின்டனன்ஸும் 12,500. கரண்டும் கேஸும் 1,800. பால், மளிகை, காய்கறி, பழம், வாரம் ஒருநாள் கறி மீன் எல்லாம் சேர்த்து 15,000. இரண்டு பிள்ளைகளுக்கும் பள்ளிக் கட்டணம், புத்தகம், சீருடை, வேன் ஆகியவற்றை 12 மாதத்துக்குப் பிரித்தால் 9,500. மகன் வரும் ஜூனில் எல்.கே.ஜி. போவான் என்பதையும் சேர்த்துத்தான். வண்டிக்கு பெட்ரோலும் சர்வீஸும் 3,500. போன், இன்டர்நெட் 1,500. டாக்டர், மருந்து 2,000. டேர்ம் பாலிசிக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் 3,000. அப்பா அம்மாவுக்கு 5,000. வீட்டு வேலைக்கு உதவி 1,500. துணிமணி, தீபாவளி, பொங்கல் செலவை மாதத்துக்குப் பிரித்தால் 2,500. வெளியே சாப்பிடுவது, சினிமா 2,500. மொய்க்கும் விசேஷங்களுக்கும் 3,000. கூட்டினால் 63,300. லோன் தவணை 8,400-ஐச் சேர்த்தால் 71,700. இதில் சேமிப்பு என்று ஒரு ரூபாய்கூட இல்லை.

மொய்க்கு 3,000 என்றதும் சிரித்திருப்பீர்கள். சென்னையில் இருக்கும்போது பத்திரிகை வாட்ஸ்அப்பில் வரும், ஜிபேயில் ஐந்நூறு அனுப்பிவிட்டு "லீவு கிடைக்கல மாமா" என்று முடித்துவிடலாம். லால்குடிக்கு 20 கிலோமீட்டரில் குடியிருந்துகொண்டு அந்தக் காரணம் செல்லாது. ஆவணியிலும் தையிலும் ஒரே முகூர்த்த நாளில் இரண்டு மண்டபம் ஏற வேண்டியிருக்கும். காதுகுத்து என்றால் தாய்மாமன் சீர், புதுமனை புகுவிழா என்றால் பாத்திரமோ பணமோ, நெருங்கிய சொந்தத்தில் வளைகாப்பு என்றால் அதற்கு ஒரு புடவை. ஏற்கெனவே அப்பா பெயரில் வந்த மொய்யை நோட்டைப் பார்த்துத் திருப்பிச் செய்கிற பொறுப்பும் இனி உங்கள் தலையில்தான். ஸ்ரீரங்கத்தில் வீடு எடுத்தால் வைகுண்ட ஏகாதசிக்கு வீடு நிறைய விருந்தாளிகள், வடக்கே போனால் சமயபுரம் தேருக்கு. இதைக் குறையாகச் சொல்லவில்லை. சொந்தங்களோடு இருப்பதற்காகத்தானே பலர் ஊர்ப்பக்கம் திரும்புகிறார்கள்? ஆனால் திரும்பி வந்த குடும்பங்களின் வரவு செலவைப் பார்க்கும்போது, திட்டத்தில் இல்லாமல் தவறாமல் வருகிற செலவு இதுதான். நோட்டில் எழுதிவைத்துவிட்டால் கடன் வாங்கிச் செய்ய வேண்டியதில்லை.

இணையத்தில் தேடினால் வேறு எண்கள் கிடைக்கும். மத்திய அரசின் 2023-24 குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வின்படி, நகர்ப்புற இந்தியாவில் ஒருவருக்கு மாதச் செலவு சராசரியாக 6,996 ரூபாய். நான்கால் பெருக்கினால் 28,000. "அப்புறம் எதற்கு 63,000?" என்று உங்கள் நண்பர் கேட்பார். அந்தச் சராசரிக்குள் சொந்த வீட்டில் இருப்பவர்களும் உண்டு, ரேஷன் அரிசியில் சமைப்பவர்களும் உண்டு, பிள்ளைகளை அரசுப் பள்ளிக்கு அனுப்புபவர்களும் உண்டு. திருச்சியில் 25,000 ரூபாயில் கண்ணியமாகக் குடும்பம் நடத்துபவர்கள் எத்தனையோ பேர். உங்கள் செலவில் பெரிய பங்கு வாடகை, தனியார் பள்ளி, இ.எம்.ஐ. மூன்றுக்கும் போகிறது, ஒப்பிட வேண்டுமானால் அதே மூன்றையும் சுமப்பவர்களோடு ஒப்பிடுங்கள்.

மற்ற வாசகர்களும் கேட்பார்கள் என்பதால், இதே கணக்கை மற்ற நிலைகளுக்கும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தனியாள், அறையைப் பகிர்ந்துகொண்டு மெஸ் சாப்பாடு என்றால் 15,000 முதல் 18,000. குழந்தை இல்லாத தம்பதிக்கு வாடகையோடு 33,000 முதல் 36,000. உங்களைப் போன்ற நால்வர் குடும்பமே சொந்த வீட்டில், கடன் இல்லாமல் இருந்தால் 50,000. மதுரை, சேலத்துக்கும் ஏறக்குறைய இதே எண்கள்தான். கோவை என்றால் வாடகையில் மூன்று நான்காயிரம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இனி உங்கள் முடிவு. 52,000-ஐ மட்டும் நம்பி வந்தால் மாதம் கிட்டத்தட்ட 20,000 ரூபாய் துண்டு விழும். லோன் முடிந்த பிறகும் 11,000 விழும். இந்தப் பள்ளத்தை கிரெடிட் கார்டும் நகைக்கடனும்தான் நிரப்பும். ஆகவே இப்போதைய நிலையில் இந்த ஆஃபரை ஏற்க வேண்டாம் என்பது என் கருத்து. ஆனால் இரண்டு விஷயங்கள் மாறினால் தாராளமாக வரலாம்.

ஒன்று, மனைவியின் வேலை. "விட வேண்டியிருக்கும்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன்? திருச்சியில் மருத்துவமனைகளுக்கும் ஸ்கேன் சென்டர்களுக்கும் குறைவே இல்லை. தில்லை நகரில் தடுக்கி விழுந்தால் ஒரு லேப். அனுபவம் உள்ள டெக்னீஷியனுக்கு 12,000 முதல் 14,000 வரை கொடுப்பார்கள், சென்னையைவிடக் குறைவுதான். மகன் எல்.கே.ஜி. முடிந்து மதியம் வீடு திரும்பிய பின் பார்த்துக்கொள்ள ஒரு 3,000 போனாலும் பத்தாயிரம் நிற்கும். நீங்கள் ஆஃபரை ஏற்பதற்கு முன்பே அவர் இங்கே விண்ணப்பித்துப் பார்க்கட்டும். அவருக்கு வேலையை விடத்தான் விருப்பம் என்றால் அது வேறு. அதை அவரே சொல்லட்டும், நீங்கள் அனுமானிக்காதீர்கள்.

இரண்டு, உங்கள் சம்பளம். மனைவி வழியாகப் பத்தாயிரம் வந்தால், உங்கள் கைக்கு 62,000 வந்தால்தான் 71,700 செலவைச் சமாளிக்கலாம். அதற்கு சி.டி.சி. 8.5 லட்சம் வேண்டும், அதுவும் வேரியபிள் இல்லாமல். நிறுவனத்திடம் பேசும்போது "சென்னையில் இவ்வளவு வாங்குகிறேன்" என்று ஆரம்பிக்காதீர்கள். "திருச்சியில் செலவு குறைவுதானே" என்று உடனே மடக்குவார்கள். இப்போதைய மொத்தச் சம்பளத்திலிருந்து எத்தனை சதவீதம் குறைத்துக்கொண்டு வரத் தயார் என்று பேசுங்கள். 14 மாதம் கழித்து லோன் முடியும்போது 8,400 விடுபடும், அன்றிலிருந்து அதுதான் உங்கள் சேமிப்பு. அதற்கு முன் சேமிப்பு இல்லையே என்று வருந்த வேண்டாம், பி.எஃப்.-இல் இரண்டு பங்கும் சேர்ந்து மாதம் எட்டாயிரம் வரை ஏறிக்கொண்டிருக்கும். வேலை மாறும்போது பழைய பி.எஃப். பணத்தை எடுத்து வீடு மாறும் செலவுக்குப் போட்டுவிடாதீர்கள். உங்கள் நிரந்தர பி.எஃப். எண்ணான அதே யு.ஏ.என்.-இல் புதிய கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

8.5 லட்சத்துக்கு நிறுவனம் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், லோன் முடியும் வரை சென்னையிலேயே இருங்கள். அதற்குப் பின் திருச்சியில் வேறு வேலை தேடலாம், அப்போது குறைந்த சம்பளத்துக்கும் சரி என்று சொல்ல முடியும்.

லால்குடி வீட்டிலேயே பெற்றோருடன் இருந்துவிடலாமே என்ற யோசனை உங்களுக்கே வந்திருக்கும். வாடகை மொத்தமாகப் போய்விடும், பெற்றோருக்கு அனுப்பும் பணம் வீட்டுச் செலவோடு சேர்ந்துவிடும், பெட்ரோல் மட்டும் கூடும்; மாதம் 13,000 வரை மிச்சமாகும். கணக்குப்படி இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் நவல்பட்டுக்கு கொள்ளிடத்தையும் காவிரியையும் தாண்டித் தினமும் வர வேண்டும், பால்பண்ணை – துவாக்குடி சாலையில் சர்வீஸ் ரோடு இல்லாமல் மக்கள் படும் பாடும் உங்களுக்குத் தெரியும். மாமியார், மருமகள், பிள்ளைகளின் பள்ளி என்று மற்ற கேள்விகளுக்கு என்னிடம் எக்ஸெல் ஷீட் கிடையாது.

வருவது என்று முடிவானால், கையில் ஒன்றரை லட்சம் இல்லாமல் கிளம்பாதீர்கள். முன்பணத்துக்கே கிட்டத்தட்ட பாதி போகலாம். தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையை முன்பணமாகச் சொல்கிறது. வீட்டுக்காரர்கள் ஐந்து, ஆறு மாதம் என்றுதான் ஆரம்பிப்பார்கள். சட்டத்தைச் சொல்லிப் பேசினால் கொஞ்சம் இறங்குவார்கள், எழுத்தில் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். சென்னை வீட்டு முன்பணம் பெயின்டிங் கழிவு போக எப்போது வரும் என்று நம்ப முடியாது. சாமான் ஏற்றிவர லாரிக்கு இருபதாயிரத்துக்கு மேல். பள்ளி சேர்க்கை ஜூனுக்கு முன் முடிந்துவிடும், நடு ஆண்டில் வந்தால் இரண்டு பள்ளிக்கும் கட்டணம் அழுவீர்கள். சேர்க்கும் முன், அந்தப் பள்ளிக்கு அரசின் கட்டண நிர்ணயக் குழு எவ்வளவு நிர்ணயித்திருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பல பெற்றோருக்கு அப்படி ஒரு தொகை இருப்பதே தெரியாது.

ரேஷன் கார்டு முகவரியையும் மாற்றிவிடுங்கள். 30 ரூபாய் துவரம் பருப்பும் 25 ரூபாய் பாமாயிலும் வேண்டாம் என்று விடுவதற்கு உங்கள் பட்ஜெட்டில் இடமில்லை. மனைவிக்கு அரசு டவுன் பஸ்ஸில் கட்டணம் கிடையாது. ஆனால் திருச்சியில் தனியார் டவுன் பஸ்கள் அதிகம், அவற்றில் டிக்கெட் எடுக்க வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

குடும்பத்துக்கென்று தனி மருத்துவக் காப்பீடு உங்களிடம் இருப்பதாகக் கடிதத்தில் இல்லை. இப்போதைய நிறுவனத்தின் குழுக் காப்பீடு நீங்கள் வேலையை விடும் நாளோடு முடிந்துவிடும், புதியது சேரும் நாளில்தான் தொடங்கும். நடுவில் இரண்டு வாரம் இடைவெளி வந்தாலும் நான்கு பேரும் பாதுகாப்பில்லாமல் இருப்பீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. ராஜினாமாக் கடிதம் கொடுப்பதற்கு முன்பே குடும்பம் முழுவதற்கும் சேர்த்து ஒரு ஃபேமிலி ஃப்ளோட்டர் பாலிசி எடுத்துவிடுங்கள். சம்பளப் பிரிவு அட்டவணை கைக்கு வந்ததும் அதை எனக்கு அனுப்புங்கள். 52,000 என்று நான் போட்ட இடத்தில் உண்மையான எண்ணை வைத்துப் பார்த்துவிடலாம்.